இறைச் சித்தம் தேடிய அருளானந்தர்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போகிறவர்கள் நம் செஞ்சியை நெருங்கியதும் சன்னல் பக்கம் திரும்பாமல் இருப்பதில்லை. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளும், அவற்றை இணைத்து ஓடும் மதிலும், கல்யாண மகாலும் அவர்கள் கண்ணுக்கு விருந்து. நமக்கோ அது அன்றாடக் காட்சி. 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டும் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஏறின. அவற்றுள் தமிழகத்துக் கோட்டை நம்முடையது ஒன்றே என்று அறிந்தபோது நாமும் மகிழ்ந்தோம்.

செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜனின் நினைவு வரும். 1714-ல் போர்க்களத்தில் வீழ்ந்த அந்த இளைஞனின் கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். அவனுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, காவி உடையும் கைக்கோலுமாக இந்தச் செஞ்சி நாட்டு எல்லைக்குள் நடந்து வந்து, தம் முதல் பணியைத் தொடங்கிய வேறொரு வீரரும் உண்டு. அவர்தான் போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, தமிழில் அருளானந்தர். நம் ஊர்களில் எத்தனை தந்தையருக்குப் பிரிட்டோ என்றும் அருளானந்தம் என்றும் பெயர்! ஆண்டுதோறும் பிப்ரவரி 4-ஆம் நாள் நாம் திருநாள் கொண்டாடும் இப்புனிதரை 1853-ல் ஒன்பதாம் பத்திநாதர் முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார். 1947 ஜூன் 22-ல், நம் நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கும் குறைவான காலமே இருந்தபோது, பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

அவருடைய சரித்திரம் முழுவதையும் எழுத இம்மலரில் இடம் போதாது. செபத்தில் அவர் எதைக் கேட்டார், அவருக்காகப் பிறர் எதைக் கேட்டனர், கேட்டதற்கு மாறாக எது வந்தது, அப்போது அவர் என்ன செய்தார் என்ற ஒரே வழியில் மட்டும் அவரைப் பின்தொடர்வோம்.

நாமெல்லாம் செபத்தில் கேட்கிறவர்கள்தாம். மார்ச்சு மாதம் பிறந்தால் பள்ளிச் சிற்றாலயத்தில் மெழுகுவர்த்திகளின் எண்ணிக்கை கூடுவதைக் கன்னியர் கண்டு புன்னகைப்பது வழக்கம். தேர்வில் நல்ல மதிப்பெண், தந்தைக்கு வேலை, அம்மாவின் நோய்க்குச் சுகம், ஏரிக்கு மழை என்று நம் வேண்டுதல்கள் நீளும். கேட்பது குற்றமன்று. கேட்கும்படி நம் ஆண்டவரே சொல்லித் தந்தார். ஆயினும் அவர் கற்பித்த செபத்தின் வரிசையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அன்றாட உணவைக் கேட்கும் வேண்டுதலுக்கு முன்னால், தந்தையின் சித்தம் நிறைவேற வேண்டும் என்ற வேண்டுதல் வந்து நிற்கிறது. தினமும் பலமுறை சொல்வதால் நாம் அதைக் கவனிப்பதேயில்லை. அருளானந்தர் கவனித்தார், கவனிக்க அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன என்றே அவர் வாழ்க்கை காட்டுகிறது.

1647-ஆம் ஆண்டு மார்ச்சு 1-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை சல்வதோர் தெ பிரிட்டோ, பிரேசில் நாட்டு ரியோ தெ ஜனைரோவில் அரசப் பிரதிநிதியாக இருந்து அங்கேயே காலமானார். சிறுவனைத் தாய் பெயாட்ரிஸ் அம்மையார்தான் வளர்த்தார். உயர்குடிப் பிள்ளையாதலால் அரண்மனையில் இளவரசர் பெத்ரோவுக்குத் தோழனாக அமர்த்தப்பட்டான். விளையாட்டும் வேட்டையும் நிறைந்த அவ்விடத்தில் செபத்தையும் புத்தகத்தையும் நாடிய இச்சிறுவன் மற்றப் பிள்ளைகளின் கேலிக்கு ஆளானது வியப்பன்று.

பதினோரு வயதளவில் கடும் நோய் கண்டது. மருத்துவர்கள் கைவிட்டனர். தாய் புனித சவேரியாரிடம் மன்றாடினார். மகன் பிழைத்தால் ஓராண்டு காலம் அவனுக்குச் சேசு சபையாரின் அங்கியை உடுத்தி வைப்பதாக நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தான். நேர்ந்தபடியே அந்தச் சின்னஞ்சிறு உடலில் கறுப்பு அங்கி ஏறியது. அரண்மனையில் எல்லோரும் அவனைக் குட்டி அப்போஸ்தலர் என்று அழைத்து மகிழ்ந்தனர். நம் வேளாங்கண்ணியிலும் பிள்ளைகளுக்கு இப்படி நேர்த்திக்கடன் செலுத்தும் தாய்மாரைப் பார்க்கிறோம் அல்லவா? அந்த அம்மையாரின் மனமும் அதே மனந்தான். அவர் கேட்டது மகனின் உயிர். அதைப் பெற்றார். ஆனால் ஓராண்டு முடிந்து அங்கியைக் கழற்றிய பின்னும் அந்த அங்கியின் ஆசை மகனை விட்டுக் கழலவில்லை. 1662 டிசம்பர் 17-ல், தம் பதினைந்தாம் வயதில், சேசு சபையின் நவதுறவியர் இல்லத்தில் சேர்ந்தார்.

சபையின் பயிற்சியில், புனித இஞ்ஞாசியார் வகுத்த தியானங்களுக்கு முதலிடம் உண்டு. உடல்நலத்தையும் நோயையும், செல்வத்தையும் வறுமையையும், நீண்ட வாழ்வையும் குறுகிய வாழ்வையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்து, கடவுளின் திட்டத்துக்கு எது உதவுமோ அதை மட்டும் விரும்பப் பழகவேண்டும் என்பது அத்தியானங்களின் அடித்தளம். எழுதுவதற்கு இது எளிது. இருபது வயது இளைஞருக்கு இது எவ்வளவு கடினம் என்று நம் மாணவியர்க்கே தெரியும்.

கோயிம்பிராவில் பயின்றுகொண்டிருந்தபோதே இந்தியாவுக்கு அனுப்புமாறு அவர் மேலதிகாரிகளைக் கேட்டுக்கொண்டார். அவர் உடலோ மெலிந்தது, அறிவோ கூர்மையானது. இவரைப் பேராசிரியராக இங்கேயே வைத்துக்கொள்வோம் என்று சிலர் எண்ணியதில் பிழையில்லை. 1673-ல் குருப்பட்டம் பெற்று, பயணத்துக்கு ஆயத்தமானார். அப்போது எதிர்த்து நின்றவர் வேறு யாருமல்லர், அவரைக் காக்கச் சவேரியாரை வேண்டிய அதே தாய். பாப்பரசரின் தூதுவர் வரைக்கும் சென்று மகனைத் தடுத்து நிறுத்துமாறு முறையிட்டார். கணவனை வெளிநாட்டு மண்ணில் இழந்த பெண் அவர். மகனையும் கடல் கொண்டுபோவதை எப்படிப் பொறுப்பார்? அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. தாயின் கண்ணீரைத் தாண்டிக் கப்பலேறுவது கல்நெஞ்சக்காரருக்கு எளிது. அருளானந்தர் கல்நெஞ்சர் அல்லர் என்பதற்கு, பின்னாளில் அவர் குடும்பத்தாருக்கு எழுதிய கடிதங்கள் சான்று.

அந்த ஆண்டு மார்ச்சில் புறப்பட்ட கப்பல் செப்டம்பரில் கோவா வந்தது. அங்கும் அவரைக் கல்லூரியில் நிறுத்திக்கொள்ளும் பேச்சு எழுந்தது. அவர் வேண்டியதோ மதுரை மிஷன். 1606-ல் தத்துவ போதகர் தொடங்கி வைத்த இந்த மிஷனில், குருக்கள் தமிழ் மக்களின் உடை, உணவு, மொழி யாவற்றையும் தமதாக்கிக்கொண்டு வாழ்ந்தனர். 1640 முதல் அவர்களுள் சிலர் பண்டார சுவாமிகளாக வாழத் தலைப்பட்டனர். பிராமண சந்நியாசியாக வாழ்ந்தவர் தாழ்த்தப்பட்ட மக்களின் வீடுகளுக்குப் போக இயலாதிருந்த அக்காலத்தில், பண்டார சுவாமியால் எல்லாக் குலத்தாரிடமும் பழக முடிந்தது. அருளானந்தர் இவ்வகையைத் தேர்ந்தார். புலாலும் மீனும் மதுவும் நீக்கி, சோறும் கீரையும் காய்கறியும் உண்டு, தரையில் படுத்து வாழ்ந்தார்.

1674-ல், மூத்த குருவான அந்திரேயா பிரெயிரே சுவாமியாருடன் கேரளத்து அம்பழக்காட்டிலிருந்து மேற்கு மலைகளைக் கடந்து நடந்தே வந்தார். அவர் பணி தொடங்கிய இடம் செஞ்சி, தஞ்சை ஆகிய இரு நாடுகளின் எல்லைப் பகுதி. அந்நாளில் செஞ்சி நாடு என்றால் இன்று நாம் காணும் ஊர் மட்டுமன்று. பாலாறு முதல் கொள்ளிடம் வரை பரந்த நிலம். 1597-ஐ ஒட்டி இங்கு வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்ட பிமெண்டா என்ற சேசு சபைக் குரு, லிஸ்பன் நகரம் ஒன்றைத் தவிர போர்ச்சுக்கலின் எந்த நகரமும் செஞ்சிக்கு ஈடாகாது என்று வியந்து எழுதி வைத்திருக்கிறார். அந்த லிஸ்பனின் பிள்ளை எண்பது ஆண்டுகளுக்குள் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்த காலம் நல்ல காலமன்று. பீஜப்பூர் சுல்தானின் தளபதிகள் ஆண்ட செஞ்சியை 1677-ல் சிவாஜி மன்னர் கைப்பற்றினார். புதிய மதில்களும் அகழிகளும் கொத்தளங்களும் எழுந்த விதத்தைப் பிரெயிரே சுவாமியாரே வியந்து 1678-ல் கடிதம் எழுதியுள்ளார். இன்று நாம் உல்லாசப் பயணம் போய் ஏறி இறங்கும் மதில்களுள் சில, அருளானந்தர் இந்நாட்டில் பணியாற்றிய ஆண்டுகளில் கட்டப்பட்டவை. கோட்டைக்கு மதில் எழும்போது குடியானவனுக்கு வரி எழும். போரும் பஞ்சமும் வெள்ளமும் மாறி மாறி வந்தன. மக்கள் ஊர்விட்டு ஊர் ஓடினர். குருவும் அவர்களோடு காட்டிலும் மேட்டிலும் தங்கினார். தொடங்கிய வேலை ஒன்றும் நிலைத்து நிற்காத அந்த ஆண்டுகளில்தான், நினைத்தபடி நடக்காததை ஏற்கும் பாடத்தை அவர் படித்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

1685-ல் மதுரை மிஷனுக்கு அவர் தலைவரானார். மறுஆண்டு மே மாதம், பல ஆண்டுகளாகக் குருக்கள் கால் வைக்காதிருந்த மறவர் நாட்டுக்குள் சென்றார். சில வாரங்களுக்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஞானஸ்நானம் பெற்றனர். ஜூலையில் சேதுபதியின் அதிகாரி ஒருவர் அவரையும் உடனிருந்த உபதேசியார்களையும் பிடித்துக் கட்டினார். தண்ணீரில் மூழ்கடித்தும், கயிற்றில் தொங்கவிட்டும், வெயிலில் கொதிக்கும் பாறையில் கிடத்தியும் வதைத்தனர். சிவன் பெயரைச் சொன்னால் விட்டுவிடுவதாகச் சொன்னபோது அவர்களுள் ஒருவரும் இணங்கவில்லை. மரணதண்டனை விதிக்கப்பட்டது.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். கிறிஸ்துவுக்காக உயிரைக் கொடுப்பது அருளானந்தரின் பேராவல். நம்முடைய ஆசைகள் பெரும்பாலும் சிறியவை. விட்டுக்கொடுக்கச் சொன்னால் ஏன் சொல்கிறார்கள் என்று நமக்கே விளங்கும். அவருடைய ஆசையோ புனிதமானது. கடவுளுக்காகவே கேட்பது. அப்படிப்பட்ட ஆசையைக் கூடக் கடவுள் மறுப்பாரா?

மறுத்தார். சாவுக்கென்று காத்திருந்தவர்களை இராமநாதபுரத்துக்கு அழைத்துச் சென்றனர். கிழவன் சேதுபதி என்று வரலாறு சொல்லும் இரகுநாத சேதுபதி திறமை மிக்க அரசர். சுவாமியாரைத் தாமே விசாரித்து, அவர் சொன்ன மறை விளக்கத்தைக் கேட்டு, அனைவரையும் விடுதலை செய்தார். தம் நாட்டில் இனிப் போதிக்கலாகாது என்ற தடை மட்டும் விதித்தார். ஊரார் அதை மகிழ்ச்சியான செய்தி என்றே கொண்டாடினர். அருளானந்தருக்கோ கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அதற்கு மேலும் ஒன்று வந்தது. மிஷனின் காரியங்களை எடுத்துச் சொல்ல ஐரோப்பாவுக்குப் போகவேண்டும் என்று மேலதிகாரி கட்டளையிட்டார். எந்த மக்களுக்காகத் தாயை விட்டு வந்தாரோ, அந்த மக்களை விட்டுத் தாய் இருக்கும் ஊருக்கே திரும்ப வேண்டும்! மறுத்துப் பேச அவருக்குக் காரணங்கள் ஏராளம்: ஆயிரக்கணக்கான புதுக் கிறிஸ்தவர்கள் மேய்ப்பனின்றித் தவிப்பது, குருக்களின் பஞ்சம், காயங்கள் ஆறாத உடல். ஆயினும் கப்பலேறினார். ஜெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் தம் மனத்திலிருந்ததை மறைக்காமல், துன்பக் கிண்ணம் நீங்கவேண்டும் என்று தந்தையிடம் சொன்னார்; சொன்ன பிறகு முடிவைத் தந்தையிடம் விட்டார். கேட்பதும் விடுவதும் அந்த ஒரே செபத்துக்குள் அடங்கியிருந்தன. ஆண்டவர் சாவை ஏற்க வேண்டியிருந்தது. அவருடைய ஊழியர் வாழ்வை ஏற்க வேண்டியிருந்தது. எது கடினம் என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

1687 செப்டம்பரில் லிஸ்பன் வந்து சேர்ந்தார். பழைய விளையாட்டுத் தோழர் பெத்ரோ இப்போது அரசர். நகரமே திரண்டு வந்து பார்த்தது. தழும்பேறிய உடலோடு வந்தவர் மாளிகை உணவைத் தொடவில்லை. செஞ்சி நாட்டில் பழகிய கீரையும் காயும் போதும் என்றார். படுக்கை இருக்கத் தரையில் உறங்கினார். அரசர் அவரைத் தம் மகனுக்கு ஆசானாக வைத்துக்கொள்ள விரும்பினார். முதிய தாயின் கண்களும் அதையே கேட்டன. இம்முறை அவரைத் தடுத்தது பகைவரின் கயிறு அன்று, அன்புடையோரின் கயிறு. அரச சபையில் இருந்துகொண்டே மிஷனுக்கு எவ்வளவோ நன்மை செய்யலாமே என்று நல்லவர்கள் சொல்வதில் நியாயமும் இருந்தது. நியாயமாகத் தோன்றும் எல்லாம் நமக்கென வந்த அழைப்பு ஆகிவிடுமா என்பதே அவர் முன் நின்ற கேள்வி. மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அங்கு தங்கி, வந்த காரியங்களைப் பார்த்த பின், மீண்டும் புறப்பட்டார். 1690 நவம்பரில் கோவா வந்தார்.

அவர் திரும்பிய ஆண்டுகளில் நம் செஞ்சி பெரும் போரில் சிக்கியிருந்தது. சிவாஜியின் மகன் இராஜாராம் இக்கோட்டையில் தங்கியிருக்க, மொகலாயப் படைகள் 1690-ல் வந்து வளைத்துக்கொண்டன. 1698-ல் கோட்டை விழும்வரை அந்த முற்றுகைப் போர் நீண்டது. அருளானந்தரின் பாதை இம்முறை தெற்கே, தடை விதிக்கப்பட்ட அதே மறவர் நாட்டுக்குச் சென்றது.

அங்கே அரச குலத்தைச் சேர்ந்த தடியத்தேவர் தீராத நோயில் கிடந்தார். உபதேசியார் ஒருவர் சென்று நற்செய்தி வாசித்துச் செபிக்க, அவர் நலமடைந்து ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொள்ளச் சம்மதித்த பின்னரே, 1693 ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று ஞானஸ்நானம் நடந்தது. மற்றவர்களைச் சகோதரிகளாகப் பாவித்துக் காப்பதாக அவர் வாக்களித்தார் என்பர். ஆனால் இளைய மனைவி கடலாயி, சேதுபதியின் உறவுப் பெண். அவள் அழுதுகொண்டே அரசரிடம் போனாள். அவளைக் கொடியவளாகச் சித்தரிக்கும் நாடகங்களைத் திருநாள் மேடைகளில் பார்த்திருக்கிறோம். ஒரே நாளில் வாழ்விழந்த இளம்பெண்ணின் வேதனையையும் எண்ணிப் பார்ப்பது நமக்குத் தகும். அரசருக்கோ வேறு கவலையும் இருந்தது. தடியத்தேவர் அரியணைக்கு உரிமை கோரக்கூடியவர்.

ஜனவரி 8-ல் அருளானந்தர் பிடிபட்டார். இராமநாதபுரத்தில் கொன்றால் கலகம் மூளும் என்று அஞ்சிய சேதுபதி, நாடு கடத்துவது போல் காட்டி, ஓரியூரிலிருந்த தம் சகோதரர் உடையத்தேவரிடம் அனுப்பி, கொன்றுவிடுமாறு இரகசியக் கட்டளை கொடுத்தார். உடையத்தேவர் நோயாளி. பெயர் பெற்ற சந்நியாசி கைக்குக் கிடைத்ததும், தம்மைக் குணமாக்குமாறு கேட்டார் என்று சரித்திரக்காரர் எழுதுகின்றனர். ஒரு சொல் சொல்லியிருந்தால், சொல்லி ஏமாற்றியிருந்தாலும், சில நாட்கள் உயிர் தப்பியிருக்கலாம். சுகம் தருவது கடவுளின் சித்தம், தம் கையில் இருக்கும் வித்தையன்று என்று சுவாமியார் விளக்கிவிட்டார். செபத்தை அவர் விலைபேசவில்லை.

பிப்ரவரி 3-ஆம் நாள் சிறையிலிருந்து தம் சபைச் சகோதரர்களுக்குக் கடிதம் எழுதினார். மை இல்லை, கரியைத் தண்ணீரில் கரைத்து, துரும்பால் எழுதினார். ஏழு ஆண்டுகளுக்கு முன் கேட்டுக் கிடைக்காதது இப்போது கேளாமலே வருவதைக் கண்ட மனத்தின் அமைதி அக்கடிதத்தில் தெரிகிறது. மறுநாள் சாம்பல் புதன். பாம்பாற்றங்கரையில் முழந்தாளிட்டுச் சிறிது நேரம் செபித்தார். பின்பு எழுந்து கொலைஞனிடம் தம்மை ஒப்படைத்தார். தலை துண்டிக்கப்பட்டது. அவருக்கு நாற்பத்தாறு வயது நிரம்பச் சில வாரங்களே இருந்தன. ஓரியூரின் செம்மண்ணை இன்றும் மக்கள் பக்தியோடு எடுத்துச் செல்கின்றனர். நம் வீடுகள் சிலவற்றிலும் சிறு பொட்டலமாக அது இருக்கிறது.

செய்தி கடல் கடந்து லிஸ்பன் சேர்ந்தபோது பெத்ரோ அரசர் துக்கம் காக்கச் சொல்லவில்லை. நன்றி வழிபாடு நடத்த ஏற்பாடு செய்தார். பெயாட்ரிஸ் அம்மையாருக்கும் அழைப்புப் போயிற்று. பதினோரு வயது மகனின் உயிருக்காகச் சவேரியாரிடம் நேர்ந்துகொண்ட அவர், கறுப்பு உடையை விடுத்து, திருநாள் உடை உடுத்தி அவ்வழிபாட்டுக்கு வந்தார்.